இம்பெல்லர் மாற்றிய பிறகும் வள்ளத்து மோட்டர் ஏன் சூடாகி நிற்கிறது?

கேள்வியின் சுருக்கம்: திருகோணமலை திருக்கடலூர்க் கரையிலிருந்து தொழிலுக்குப் போகும் ஃபைபர் வள்ளம், 15 குதிரைவலு டூ ஸ்ட்ரோக் அவுட்போர்ட் மோட்டர். அரை மணித்தியாலம் ஓடியதும் இழுவை குறைந்து அடங்கிவிடுகிறது. ஆறவிட்டால் மறுபடி ஸ்டார்ட் ஆகிறது. இம்பெல்லர் (தண்ணீர்ப் பம்பிலுள்ள ரப்பர்ச் சக்கரம்) புதிதாகப் போட்டும் மாற்றமில்லை.

முதலில் அது சூட்டால்தான் நிற்கிறதா என்று பாருங்கள். பெற்றோல் தாங்கி மூடியிலுள்ள காற்றுத் திருகு இறுகிக் கிடந்தாலும் மோட்டர் இதே குணத்தைத்தான் காட்டும். பெற்றோல் குறையக் குறையத் தாங்கிக்குள் காற்றில்லாமல் இழுவை தடைப்படும். கொஞ்ச நேரத்தில் காற்று உள்ளே கசிந்ததும் மறுபடி ஓடும். நின்ற கையோடு பெற்றோல் குழாயிலுள்ள ரப்பர் பல்பைப் பாருங்கள். சப்பையாகக் கிடந்தால் குற்றம் அந்தத் திருகில். பல்ப் சரியாக இருந்தால் மேல்மூடியைக் கழற்றி, சிலிண்டர் ஹெட்டில் இரண்டு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். அப்படியே கிடந்து மெல்லக் காய்ந்தால் பயமில்லை. விட்டவுடன் சீறிக் கொதித்துப் பறந்தால் ஹெட் 100 பாகையைத் தாண்டிவிட்டது. அந்த நிலையில் ஆறவிட்டு ஆறவிட்டு ஓட்டினால் பிஸ்டன் சிலிண்டர் சுவரைக் கீறிவிடும். பிறகு செலவு எங்கேயோ போய் நிற்கும்.

சூடுதான் என்று உறுதியானால், தண்ணீர் போகும் வழியைக் கீழிருந்து மேலாகத் தொடருங்கள். இந்த மோட்டருக்கு ரேடியேற்றர் கிடையாது. கடலையே உறிஞ்சித் தன்னைக் குளிர்த்துக்கொள்கிறது, அதுவும் உள்ளங்கைக்குள் அடங்கும் ஒரு ரப்பர்ச் சக்கரத்தை நம்பி. அந்தச் சக்கரம் பம்ப் கூட்டின் நடுவில் இல்லாமல் ஒரு பக்கம் ஒதுங்கிச் சுழலும். மெதுவாக ஓடும்போது இதழ்கள் மடங்கி நிமிர்ந்து தண்ணீரைத் தள்ளும். வேகம் கூடியதும் தண்ணீரின் அழுத்தத்தால் இதழ்கள் சுவரை விட்டு விலகி, சுழற்சி வேகத்தாலேயே தண்ணீரை வீசும். ஒரே துண்டு ரப்பர் இரண்டு விதப் பம்பாக வேலை செய்வதை எத்தனை தடவை பார்த்தாலும் வியக்கலாம்.

இம்பெல்லரை மட்டும் மாற்றி, அது சுழலும் உலோகக் கூட்டையும் அடித்தகட்டையும் பழையதாகவே விட்டிருந்தால் அங்கேதான் முதல் சந்தேகம். மணற்கரையில் ஏற்றி இறக்கும் வள்ளங்களிலும், மாரியில் மகாவலி கலக்கிவிடும் கொட்டியாரக் குடாத் தண்ணீரில் ஓடும் வள்ளங்களிலும் மணல் அந்தத் தகட்டில் வட்ட வட்டமாகக் கோடு போட்டுவிடும். நகத்தால் தடவிப் பாருங்கள். நகம் மாட்டினால் தகடும் கூடும் புதிதாகத்தான் போட வேண்டும். பூட்டும்போது ஷாஃப்டை மேலிருந்து பார்க்க வலஞ்சுழியாகச் சுற்றிக்கொண்டே கூட்டை அமுக்குங்கள். இதழ்கள் சரியான பக்கம் மடங்கும். இம்பெல்லரை ஷாஃப்டோடு பிடித்து வைக்கும் சின்ன இரும்புச் சாவி இடம் மாறவில்லை என்பதையும், தண்ணீரை மேலே கொண்டுபோகும் செப்புக் குழாய் ரப்பர் வாசரில் முழுதாக இறங்கியிருக்கிறது என்பதையும் பாருங்கள். பழைய இம்பெல்லரில் இதழ் உடைந்திருந்ததா? அந்தத் துண்டு மேலே போய்க் குழாயில் அடைத்துக்கொண்டு இருக்கலாம். கழற்றியதில் எத்தனை இதழ் குறைகிறதோ அத்தனை துண்டையும் தேடி எடுக்காமல் மூட வேண்டாம்.

பக்கத்தால் பீச்சும் தண்ணீர் நன்றாக வருகிறது என்று பலர் திருப்திப்பட்டு விடுகிறார்கள். பல மாடல்களில் அந்தத் தண்ணீர் தேர்மோஸ்டாட்டுக்கு (சூடு ஏறியதும் திறந்து தண்ணீரை விடும் வால்வு) முன்னாலேயே பிரிந்து வருவது. ஆகவே அது பம்ப் வேலை செய்கிறது என்பதற்கு மட்டும்தான் சாட்சி. தேர்மோஸ்டாட்டைக் கழற்றி நூலில் கட்டி, ஒரு சட்டித் தண்ணீரில் தொங்கவிட்டுச் சூடாக்குங்கள். கார்களில் அது 80 பாகைக்கு மேல் திறக்கும். கடல்நீர் மோட்டர்களில் பெரும்பாலும் 50 முதல் 60 பாகைக்குள் திறந்துவிட வேண்டும். காரணம் உப்பு. கடல்நீர் அதற்கு மேல் சூடானால் கல்சியம் உப்புகள் பிரிந்து சுவரில் கல்லாகப் படியும். அந்தப் படிவே தண்ணீர் வழியை அடைத்து மேலும் சூடாக்கும். படிவு மெல்லியதாக இருந்தால் வினாகிரியில் ஊறவிட்டுக் கழுவலாம். டொய்லெட் கழுவும் அசிட்டைத் தொடவே வேண்டாம், அது அலுமினியத்தைத் தின்னும்.

மண்ணெண்ணெயில் ஓடத் தயாரிக்காத மோட்டருக்கு விலையைப் பார்த்து மண்ணெண்ணெய் கலந்திருந்தால், தண்ணீர் வழி சுத்தமாக இருந்தாலும் சூடு குறையாது. ஒக்டேன் போதாமல் எரிபொருள் தாறுமாறாக வெடித்துத் தட்டல் வந்து பிஸ்டன் தலை உருகும். ஒயிலும் மோட்டர் சைக்கிளுக்கானதை ஊற்றக் கூடாது. டப்பாவில் டிசி-டபிள்யூ3 (TC-W3) என்று இருப்பதை, கையேடு 50:1 என்றால் 10 லீட்டர் பெற்றோலுக்கு 200 மில்லி கணக்கில் கலக்குங்கள்.

வாடைக்காற்றுக் காலத்தில், நவம்பர் முதல் ஜனவரி வரை வள்ளம் கரையில் கிடக்கும்போதுதான் பாதிக் கேடு நடக்கிறது. ஏற்றி வைக்கும் முன், பீப்பாயில் நல்ல தண்ணீர் நிரப்பி, உறிஞ்சும் துளைகளுக்கும் பம்புக்கும் மேலே தண்ணீர் நிற்க, நியூட்ரலில் 10 நிமிடம் மெதுவாக ஓடவிடுங்கள். நடுவில் ஒருமுறை தண்ணீரை மாற்றுங்கள், பீப்பாயும் உப்பாகிவிடும். கடைசியில் பெற்றோல் குழாயைக் கழற்றி, காபரேட்டரில் மிச்சம் இருப்பது எரிந்து தானாக நிற்க விடுங்கள். மோட்டரைப் படுக்கப் போடாமல் நிமிர்த்தி வைத்தால் தண்ணீர் முழுதாக வடியும். மாதக்கணக்கில் ஒரே பக்கம் மடங்கிக் கிடந்த ரப்பர் பிறகு நிமிராது. அதனால் இம்பெல்லர் மாற்றும் வேலையைச் சீசன் தொடங்கும் மாசியிலோ பங்குனியிலோ வைத்துக்கொள்ளுங்கள். அப்போது போல்ட்டுகளுக்கு மரைன் கிறீஸ் தடவிப் பூட்டினால் அடுத்த வருடம் உடையாமல் கழலும்.