ஓர் இணையதளத் தேர்வில் 148, அடுத்த வாரம் இன்னொன்றில் 130: எது என் உண்மையான ஐக்யூ?

இரண்டும் ஒரே மதிப்பெண்ணாக இருக்கலாம். ஒரு வாரத்தில் உங்கள் அறிவு 18 புள்ளி குறைந்துவிடவில்லை, கவலை வேண்டாம்.

அநேகமாக அளவுகோல்தான் வேறு. இரண்டிலும் சராசரி 100தான். ஆனால் திட்ட விலக்கம், அதாவது மதிப்பெண்கள் சராசரியிலிருந்து எவ்வளவு பரவியிருக்கின்றன என்ற அளவு, வெக்ஸ்லர் (Wechsler) என்ற ஐக்யூ அளவுகோலில் 15, கேட்டல் (Cattell) என்ற அளவுகோலில் 24. சராசரிக்கு இரண்டு விலக்கம் மேலே நிற்பவருக்கு வெக்ஸ்லரில் 130 வரும், கேட்டலில் 148. இரண்டுமே நூறு பேரில் சுமார் 98 பேரைத் தாண்டிய இடம்தான்.

முடிவுப் பக்கத்தில் திட்ட விலக்கமோ பெர்சன்டைலோ (நூறு பேரில் எத்தனை பேரைத் தாண்டினீர்கள் என்ற எண்) போட்டிருக்கிறதா என்று பாருங்கள். பெர்சன்டைல் ஒத்துப்போனால் குழப்பம் தீர்ந்தது. இரண்டும் இல்லாமல் சான்றிதழுக்குப் பணம் மட்டும் கேட்டால், அந்த எண்ணை மறந்துவிடுங்கள். யாரோடு ஒப்பிட்டார்கள் என்றே தெரியாத மதிப்பெண் அது.

ஒன்று மட்டும். இந்தத் தேர்வுகளில் பலவும் வடிவப் புதிர்களோடு நின்றுவிடுகின்றன. திரும்ப எழுதினால் பழக்கத்தாலேயே மதிப்பெண் கூடும். 1905-இல் பாரிசில் உளவியலாளர் பினே இத்தகைய தேர்வைத் தொடங்கியதே, பள்ளியில் கூடுதல் உதவி தேவைப்படும் பிள்ளைகளைக் கண்டறியத்தான், யார் மேதை என்று வரிசைப்படுத்த அல்ல. சிகிச்சைக்கோ பள்ளிச் சலுகைக்கோ தேவையென்றால் உளவியலாளர் நேரில் நடத்தும் தேர்வுதான் செல்லும்.