மிஸ்ட் தீவில் ஏன் ஒருவர்கூட இல்லை?

1993இல் வந்த ‘மிஸ்ட்’ என்ற கணினிப் புதிர் விளையாட்டில் தீவு வெறிச்சோடிக் கிடப்பதற்கான காரணம், நூலகத்தில் கருகிக் கிடக்கும் புத்தகங்களில் இருக்கிறது. தீவில் வாழ்ந்த ஏட்ரஸ் எழுதிய இணைப்புப் புத்தகம் ஒவ்வொன்றும் ஓர் உலகத்துக்கு வாசல். அவற்றை நாசமாக்கியவர்கள் அவர் பெற்ற பிள்ளைகளே. சிவப்புப் புத்தகத்தில் சிர்ரஸ், நீலப் புத்தகத்தில் அக்கெனார் எனச் சிறைப்பட்டு, ஒருவன்மேல் ஒருவன் பழி போட்டு, விடுதலைக்காகத் தங்கள் புத்தகத்தில் இல்லாத பக்கங்களை உங்களிடம் கேட்கிறார்கள். பேச்சை நம்பாதீர்கள், அவர்களுடைய அறைகளைப் பாருங்கள். இயந்திர உலகில் சிர்ரஸுக்குச் சிம்மாசனமும் பதுக்கிய செல்வமும். அக்கெனாரின் மறைவறையிலோ மின்சாரம் பாயும் கூண்டு! இருவரும் ஒரே குட்டையில் ஊறிய மட்டைகள். எவனை விடுவித்தாலும் அவன் இடத்தில் நீங்கள் சிக்குவீர்கள்.

நூலகத்தின் கணப்படுப்புக்குப் பின்னால் உள்ள பச்சைப் புத்தகம்தான் ஏட்ரஸிடம் போகும் வழி. அதற்கு முன், தீவின் எட்டுச் சுவிட்சுகளையும் மேலே தள்ளி, படகுத்துறையில் இருப்பதை மட்டும் இறக்கி, ஏட்ரஸின் புத்தகத்தில் இல்லாத வெள்ளைப் பக்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். வெறுங்கையோடு போனால் அவரோடு நீங்களும் அடைபட்டுக் கிடக்க வேண்டியதுதான்.