ஷெல் காயத்தை டாக்டர் ஏன் உடனே தைக்கவில்லை?

“மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையில் ஷெல் பட்ட அப்பாவின் தொடைக் காயத்தைக் கிராமத்து டாக்டர் நாலைந்து நாள் தைக்காமலே விட்டாராம். கவனக்குறைவா?” என்று கேட்கிறீர்கள். இல்லை, அதுதான் சரியான வைத்தியம்.

ஷெல் துண்டு தனியாக உள்ளே போகாது. மண், சாரத் துணி, கிருமி எல்லாவற்றையும் இழுத்துக்கொண்டு போகும். அன்றைக்கே மூடினால் உள்ளே சீழ் கட்டும். காற்றில்லாமல் வளரும் கிருமி தசையை அழுக வைத்தால் காலையே எடுக்க வேண்டி வரும், உயிரும் போகலாம். அதனால் செத்த தசையை வெட்டி எடுப்பார்கள். கத்தி பட்டும் சுருங்காத, இரத்தம் கசியாத, நிறம் மங்கிய தசை செத்தது. அப்புறம் நன்றாகக் கழுவித் திறந்தபடியே கட்டுவார்கள். நாலைந்து நாளில் காயம் சுத்தமாக இருந்தால் தையல். முதலாம் உலகப் போரிலேயே படித்த பாடம் இது.

நகரத்துக்கு ஏன் அனுப்பவில்லை என்றும் கேட்பீர்கள். வாவியைக் கடக்கும் மண்முனைப் பாலம் 2014இல்தான் வந்தது. அதற்கு முன் அந்த வழியில் வாவியைப் படகுப் பாதையில்தான் கடக்க வேண்டும். சண்டை நேரத்தில் அதுவும் நிச்சயமில்லை. ஆகவே முதல் வெட்டு கிராமத்து டாக்டர் கையில்.

மயக்க நிபுணர் இல்லாத இடங்களில் பெரும்பாலும் கெட்டமின் என்ற மயக்க மருந்துதான் கைகொடுக்கும். சரியான அளவில் கொடுத்தால் பொதுவாக மூச்சை அடக்காது, இரத்த அழுத்தத்தையும் இறக்காது. விழிக்கும்போது சிலர் கண்டபடி பிதற்றுவார்கள். அப்பாவும் பிதற்றியிருந்தால் பயப்பட ஒன்றுமில்லை, அது மருந்தின் வேலையாக இருக்கும்.