தம்பியதான் அடையாளம் காட்டிட்டாங்க, இனி கேஸ் முடிஞ்சதா?

சுங்கை சிப்புட் பக்கத்து தோட்டத்துல இருந்து ஒரு அக்கா கேட்டிருக்காங்க. பசார் மாலாம்கிற ராத்திரி சந்தைக்குப் போயிட்டு வந்த ஒரு அம்மாவோட சங்கிலிய ராத்திரி மோட்டோர்ல வந்தவன் அறுத்துட்டுப் போயிட்டான், போலீஸ் தம்பிய பிடிச்சு பாலாய்ல, அதாவது ஸ்டேஷன்ல, காவாட் சாம் (ஆளுங்கள வரிசையா நிறுத்தி சாட்சிய அடையாளம் காட்டச் சொல்றது) வச்சாங்க, அந்தம்மா இவனதான் காட்டுனாங்க. வரிசையில தாடி வச்சவன் இவன் ஒருத்தன்தானாம், அதுக்கு முன்னாடியே ஹேண்ட்போன்ல இவன் படத்தையும் காட்டிட்டாங்களாம்.

அக்கா, அந்தம்மா பொய் சொல்றாங்கன்னு தயவுசெஞ்சு நினைக்காதீங்க. வரிசைய பாக்குறவங்க மனசு, இவன்தானான்னு ஒவ்வொருத்தரையா நிறுத்திப் பாக்காது, இருக்கறதுல யாரு அவன மாதிரி இருக்கான்னு தேடும், திருடன் தாடிக்காரன்னு சொன்னவங்க முன்னாடி ஒரே ஒரு தாடிக்காரன நிறுத்தினா விரல் வேற எங்க போகும்? படம் விஷயம் இன்னும் மோசம், படத்துல பாத்த மூஞ்சி வரிசையில வந்தா பாத்த மூஞ்சியா தெரியும், எங்க பாத்தோம்ங்கிறது மட்டும் மறந்துடும். அமெரிக்காவுல 1984ல ஜெனிஃபர் தாம்சன்னு ஒரு மாணவி, தன்ன கெடுத்தவன் மூஞ்சிய மறக்கவே கூடாதுன்னு அந்த நேரத்துலயும் உத்துப் பாத்து வச்சவங்க, முதல்ல படத்துலயும் அப்புறம் நேர் வரிசையிலயும் ரொனால்ட் காட்டன காட்டுனாங்க. ரெண்டுலயும் இருந்தது அவர் ஒருத்தர்தான். பத்து வருஷத்துக்கு மேல உள்ள இருந்தாரு, 1995ல டிஎன்ஏ சோதனையில வேற ஆளுன்னு தெரிஞ்சுது.

சரி, நீங்க செய்ய வேண்டியது. வக்கீல் இல்லன்னா ஒய்பிஜிகேல (தேசிய சட்ட உதவி அறக்கட்டளை) கேளுங்க, கைதானவங்களுக்கு இலவச வக்கீல் தர்றது அவங்க வேலை. தம்பிக்கு இப்பவே ஞாபகம் இருக்கிறத எழுதச் சொல்லுங்க, வரிசையில எத்தன பேரு, யாருக்கு தாடி, யாரு உயரம், நடத்துன ஆபிசர் இந்தக் கேஸ விசாரிக்கிறவரா, அந்தம்மா பட்டுனு காட்டுனாங்களா தயங்குனாங்களா, ஆபிசர் ஏதாச்சும் சொன்னாரா. சந்தேக ஆள் யாருன்னு தெரிஞ்சவரே நடத்துனா, அவர் தெரியாம தலையாட்டுனாகூட சாட்சிக்கு அது போய் சேந்துடும்.

காவாட் சாம் மட்டுமே தீர்ப்பு இல்ல. 1976 டர்ன்புல் வழக்குல இங்கிலாந்து கோர்ட் சொன்னத நம்ம மலேசியா கோர்ட்டும் பாக்குது: எவ்வளவு நேரம் பாத்தாங்க, எவ்வளவு தூரம், வெளிச்சம் எப்படி, முன்னாடி தெரிஞ்ச ஆளா. அந்த ரோட்டுல விளக்கு எரியுதான்னு ராத்திரி ஒருக்கா போய் படம் பிடிச்சு வக்கீல்கிட்ட குடுங்க.

அந்தம்மா வீட்டுக்கு மட்டும் போகாதீங்க, கெஞ்சப் போனாகூட சாட்சிய மிரட்டுனதா ஆயிடும். அந்த நேரம் தம்பி மாமாக் கடையில இருந்தான்னு எழுதியிருக்கீங்க, அப்படின்னா இன்னைக்கே போய் சிசிடிவிய கேளுங்க, பழைய பதிவு மேல புதுசு ஏறிடும்.