நீல் யங்கின் ராக்கபில்லி – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

கல்லூரி விடுதியில் அறைத்தோழன் ஒருவன் வழியாகப் பாடகர் நீல் யங்கின் 'ஹார்வெஸ்ட்' ஆல்பம் எனக்கு அறிமுகமானது. ஒரு கிடார், ஒரு ஹார்மோனிகா, எந்த நேரமும் உடைந்துவிடும்போல ஒரு குரல். ஆங்கிலப் பாட்டு எனக்குள் இறங்கியதே அதற்குப் பிறகுதான். சமீபத்தில் அவருடைய ஆல்பங்களை வரிசையாகக் கேட்கலாம் என்று ஆரம்பித்து, 1983-க்கு வந்ததும் திகைத்துவிட்டேன். 'எவ்ரிபடீஸ் ராக்கின்' என்று ஒன்று. எண்ணெய் தடவி வாரிய தலை, ராகம் இழுத்துப் பின்பாட்டு பாடும் ஆட்கள், ஒரு பெண்ணின் புதுச் செருப்பைப் பற்றி ஒரு பாட்டு. மொத்தமே 25 நிமிடம்கூட இல்லை.

இணையத்தில் தேடினால் எல்லோரும் ஒரே கதையைத்தான் சொல்கிறார்கள். கம்பெனி ராக் அண்ட் ரோல் கேட்டது, இவர் பழிவாங்க இப்படிச் செய்தார் என்று. அப்படியானால் காசு கொடுத்து வாங்கிய ரசிகனை ஏமாற்றியதுதானே அது? நாட்டுப்புறப் பாணியில் சொந்த வாழ்க்கையைப் பாடும் ஒரு ஃபோக் பாடகர் இன்னொருவரின் வேஷத்தைப் போட்டுக்கொண்டு ஆடலாமா? இந்த ஆல்பத்தின் பாணியான ராக்கபில்லியை, அதாவது 1950-களின் ஆரம்பகால ராக் அண்ட் ரோலை, 'பச்சையான இசை' என்று நீங்கள் எழுதிப் படித்திருக்கிறேன். எனக்கு இதில் பச்சையாக எதுவும் கேட்கவில்லை. இதன் பழைய இசைத்தட்டு ஒன்று விலைக்கு வருகிறது. வாங்கலாமா?

அன்புடன்,
ச., ஈரோடு

அன்புள்ள ச.,

இசைத்தட்டு விஷயத்துக்குக் கடைசியில் வருகிறேன்.

பழிவாங்கிய கதை பொய்யில்லை. ஆனால் அதை மட்டும் தெரிந்துகொண்டு கேட்டால் அந்த ஆல்பம் வெறும் குறும்பாகத்தான் காதில் விழும். நீல் யங் 1982-இல் கெஃபன் ரெக்கார்ட்ஸ் என்ற இசைத்தட்டுக் கம்பெனிக்கு வந்தார். அங்கே முதலில் கொடுத்தது 'டிரான்ஸ்'. பெரும்பாலான பாட்டுகளில் தன் குரலை வோகோடருக்குள் விட்டு இயந்திரக் குரலாக்கியிருந்தார். பேச முடியாத தன் மகனோடு பேச எடுத்த முயற்சி அது என்று பின்னாளில் சொன்னார். கேட்டவர்களுக்கு அப்போது அது தெரியாது. அடுத்து ஒரு கன்ட்ரி ஆல்பத்தைக் கொண்டுபோனார். இது வேண்டாம், ராக் அண்ட் ரோல் கொடுங்கள் என்றார்கள். சரி என்று 1950-களின் ராக் அண்ட் ரோலைக் கொண்டுவந்து வைத்தார். அவர்கள் கேட்டது இதையல்ல என்று அவருக்குத் தெரியாதா என்ன!

அந்த ஆண்டு முடிவதற்குள் கெஃபன் அவர்மேல் 33 லட்சம் டாலர் கேட்டு வழக்குப் போட்டது. அவர் கொடுத்த ஆல்பங்கள் விற்கக்கூடியவையாக இல்லை, அவருடைய முந்தைய பாட்டுகள் மாதிரியும் இல்லை என்பது புகார். அதாவது நீல் யங் நீல் யங்கைப் போல இல்லை என்று கோர்ட்டுக்குப் போனார்கள். விருப்பப்படி பாடலாம் என்று வாக்குக் கொடுத்துத்தானே என்னைச் சேர்த்தீர்கள் என்று அவர் எதிர்வழக்குப் போட்டார். பிறகு சமாதானம் ஆனது. கோபித்துக்கொள்ளாதீர்கள், உங்கள் கடிதத்தில் இருக்கும் புகாரும் ஏறக்குறைய கெஃபன் வக்கீலின் புகார்தான்.

25 நிமிடத்துக்கும் ஒரு காரணம் உண்டு. இன்னும் இரண்டு பாட்டுகள் சேர வேண்டியிருந்தது. இந்த ஆல்பத்துக்காக அவர் உருவாக்கிய 'ஷாக்கிங் பிங்க்ஸ்' என்ற கற்பனை இசைக்குழுவின் கதையைச் சொல்லும் பாட்டுகள் அவை. பதிவை முடிக்கக் கம்பெனி விடவில்லை. இருந்ததை வைத்துத் தட்டு வெளிவந்தது.

இப்போது வேஷம். நீங்கள் விரும்பும் 'ஹார்வெஸ்ட்'டில் ஸ்டீல் கிடார் வாசித்தவர் பென் கீத், பாஸ் வாசித்தவர் டிம் டிரம்மண்ட். ஷாக்கிங் பிங்க்ஸில் சாக்ஸஃபோன் ஊதுகிறவர் அதே பென் கீத். ஆளுயரப் பாஸைப் பிடித்து நிற்கிறவர் அதே டிரம்மண்ட். உங்களை உருக வைத்தவர்களேதான் இங்கே குதிக்கிறார்கள்.

அப்புறம், ஃபோக் மேடையில் மட்டும் வேஷம் இல்லையா? மின்னசோட்டாவின் ஹிப்பிங் ஊரில் வீட்டுச் சாமான் கடை வைத்திருந்தவரின் பையன் நியூயார்க் வந்து, சுரங்கத் தொழிலாளியும் நாடோடியும் கலந்த மாதிரி உடுத்திக்கொண்டு, ஓக்லஹோமாக்காரரான மூத்த ஃபோக் பாடகர் உட்டி கத்ரியின் உச்சரிப்பில் பாடினான். பாப் டிலன்தான். அதை யாரும் வேஷம் என்று சொல்லவில்லை, ஏனென்றால் கூடியிருந்த மாணவர்களும் அதே முரட்டுச் சட்டையைத்தான் போட்டிருந்தார்கள். கசங்கிய சட்டை நிஜம், பளபளக்கும் கோட்டு பொய் என்பது ஃபோக் ரசிகர்கள் தங்களுக்குள் செய்துகொண்ட ஏற்பாடு. என்னால் அதை ஒப்புக்கொள்ள முடியவில்லை.

அதே டிலன் ஹிப்பிங் பள்ளி ஆண்டு மலரில், 1959-இல், தன் லட்சியமாக எழுதியது ராக் அண்ட் ரோல் பாடகர் லிட்டில் ரிச்சர்டுடன் சேர வேண்டும் என்பதை. அந்த ஜனவரி 31 அன்று டுலூத் நகரில் இன்னொரு ராக் அண்ட் ரோல் பாடகரான பட்டி ஹாலியை மேடையில் நேரில் பார்த்தார். மூன்றாம் நாள் ஹாலி விமானம் விழுந்து இறந்தார். அந்த இரவைப் பற்றி 2017 நோபல் உரையில்கூட டிலன் பேசினார். டிலன், நீல் யங் போன்றவர்களுடைய பதின்ம வயதில் வானொலியில் வந்தது ஹாலியும் எல்விஸும்தான். ஃபோக் அதற்குப் பின்னால் வந்து சேர்ந்தது.

பச்சையான இசை என்று நான் சொன்னதை விளக்க வேண்டும். 1954 ஜூலை, மெம்பிஸ், யூனியன் அவென்யூ 706-ஆம் எண். சாம் ஃபிலிப்ஸின் சன் ஸ்டுடியோ. உள்ளே மூன்றே பேர்: 19 வயது எல்விஸ், கிடாரில் ஸ்காட்டி மூர், பாஸில் பில் பிளாக். டிரம்ஸ் கிடையாது. அதனால் தாளத்தை யாராவது சுமக்க வேண்டும். பில் பிளாக் பாஸின் கம்பியை இழுத்து விடுகிறார், அது கழுத்துப் பலகையில் போய்ப் படார் என்று அடிக்கிறது. கூடவே உள்ளங்கையாலும் ஓர் அறை. அந்தச் சத்தம்தான் டிரம்ஸ். அதே ஸ்டுடியோவில் ஜானி கேஷ் கிடார் கம்பிகளுக்கு இடையில் காகிதத்தைச் செருகி, அந்தச் சரசரப்பை டிரம்ஸாக வைத்துக்கொண்டார். சாம் ஃபிலிப்ஸ் ஒலியை இரண்டாவது டேப் இயந்திரத்துக்கு அனுப்பி, இமைக்கும் நேரம் தாமதமாகத் திரும்ப வாங்கி அசலோடு கலந்தார். ஒவ்வொரு சொல்லும் சுவரில் பட்டுத் திரும்பி வருவதுபோல் கேட்கும். ராக்கபில்லி என்றதும் நமக்கு ஞாபகம் வரும் அந்த எதிரொலி இதுதான்.

எல்விஸின் முதல் இசைத்தட்டில் இருந்தவை எந்தப் பாட்டுகள்? ஒரு பக்கம் ஆர்தர் குருடப் என்ற கறுப்பினப் பாடகரின் புளூஸ். மறுபக்கம் கன்ட்ரி பாடகர் பில் மன்றோவின் கென்டக்கி நிலாப் பாட்டு. மூன்று தாள அடியில் ஆடி அசைந்து போகும் வால்ட்ஸ் அது. அதை நான்கு தாள அடிக்கு மாற்றி விரட்டினார்கள். ஆக ராக்கபில்லிக்கு மூலச்சரக்கே கிராமத்துப் பாட்டுதான். வேகம் கூடியது, மரியாதை குறைந்தது. ஃபோக் பாடகர் இதைப் பாடினால் அந்நியப் பிரதேசத்துக்குள் போய்விட்டார் என்று நான் நினைக்காததற்குக் காரணம் இதுதான். வால்ட்ஸை இப்படிக் கெடுத்துவிட்டார்களே என்று மன்றோ பொருமவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். அதே ஆண்டு தன் பாட்டை அவரே மறுபடி பதிவு செய்தார், வால்ட்ஸில் தொடங்கிப் பாதியில் வேகமெடுக்கும்படி.

இனி உங்கள் பக்கம் வருகிறேன். நீல் யங்கின் தட்டில் பச்சை கேட்கவில்லை என்றீர்களே, அது சரி. பெரும்பாலும் இல்லை. டிரம்ஸ் வாசித்த கார்ல் ஹிம்மலுக்கு ஒரே ஒரு ஸ்னேர் டிரம், டிரம்மண்டுக்கு மரப் பாஸ் என்று சாமான்களைக் குறைத்ததெல்லாம் சரியாகத்தான் செய்தார். ஆனால் சன் ஸ்டுடியோவில் அந்தக் குறை வறுமையிலிருந்தும் அவசரத்திலிருந்தும் வந்தது. இங்கே தெரிந்தே வைத்துக்கொண்டது. எதிரொலியைத் தாராளமாக ஊற்றியிருக்கிறார். பின்பாட்டுக்காரர்கள் எல்லாவற்றையும் மெழுகித் துடைத்துவிடுகிறார்கள். எல்விஸ் சன்னில் பாடிய ரயில் பாட்டு ஒன்றையும் பாடியிருக்கிறார். எல்விஸ் பாடும்போது ரயில் வந்துவிடுமோ என்று இருக்கும். இவர் பாடும்போது ரயில் நிலையத்தின் செட் தெரிகிறது.

ராக்கபில்லியில் பாட்டெழுதுகிறவனுக்கு ஒளிய இடமில்லை. வரிகள் கிட்டத்தட்ட ஒன்றுமே இல்லை. ஷூ, கார், சனிக்கிழமை. நீல் யங் மாதிரி ஒருவர் அதுவரை தன் சொற்களை நம்பிப் பாடியவர். சொற்களைப் பிடுங்கிவிட்டால் மிச்சம் இருப்பது மூச்சும் தாளமும்தான். அவருடைய மெல்லிய, நடுங்கும் மேல்ஸ்தாயி அதற்கு ஏற்றதல்ல. பல இடங்களில் அவர் பாடவில்லை, பாடுகிற ஒருவராக நடிக்கிறார். ஃபோக் பாடகர் ராக்கபில்லி பாடலாமா என்று என்னைக் கேட்டால் தாராளமாகப் பாடலாம் என்பேன். ஆனால் பாடுகிறாரா, நடிக்கிறாரா என்று காதைக் கொடுத்துக் கேட்பேன்.

அந்தக் காதோடு கேட்டால் இரண்டு பாட்டுகள் தப்பிக்கின்றன. ஒன்று 'வொண்டரின்'. இது 1983-க்காக எழுதியது அல்ல. 1970-இல் கிரேஸி ஹார்ஸ் குழுவோடு மேடையில் பாடியது. அந்தக் கச்சேரியின் பதிவு 2006-இல் வெளிவந்திருக்கிறது. இரண்டையும் அடுத்தடுத்துக் கேளுங்கள். ஏக்கம் அதேதான், நடை மட்டும் மாறியிருக்கிறது. பழைய நீல் யங்கைக் காணோம் என்று தேடுகிறீர்களே, இதோ இங்கே நிற்கிறார்.

இன்னொன்று 'பயோலா புளூஸ்'. ஆலன் ஃப்ரீடுக்காகப் பாடியது. ராக் அண்ட் ரோலை வானொலியில் பரப்பியவர்களில் முக்கியமானவர் ஃப்ரீட். தட்டை ஒலிபரப்பக் காசு, அதாவது பயோலா, வாங்கினார் என்று சிக்கி, 1962-இல் குற்றத்தை ஒப்புக்கொண்டு, 300 டாலர் அபராதம் கட்டி, வேலை எல்லாம் போய் 1965-இல் இறந்தார். இன்றைக்கு இவர்கள் செய்வதைப் பார்த்தால் நீ ஒரு மகான் ஐயா என்கிறது பாட்டு. இதைத் தன்மேல் வழக்குப் போடப்போகும் கம்பெனியின் செலவிலேயே பதிவு செய்திருக்கிறார்! இந்தப் பாட்டில் வேஷம் கலைந்துவிடுகிறது. கோபம் நிஜம்.

பச்சையாகவே வேண்டும் என்றால் டிலனிடம் போக வேண்டும். 'மிக்ஸ்டு-அப் கன்ஃப்யூஷன்' என்று ஒரு சிறிய தட்டு, 1962 டிசம்பர். கிடார், பியானோ, பாஸ், டிரம்ஸ் எல்லாம் சேர்ந்து ஓட, 21 வயது டிலன் அதன் பின்னால் மூச்சிரைக்கத் துரத்திக்கொண்டு வருகிறார். அதே பதிவு நாட்களில், எல்விஸின் முதல் தட்டில் இருந்த குருடப்பின் பாட்டையும் பாடிப் பார்த்திருக்கிறார்கள். எங்கே போக நினைத்தார் என்பது தெரிகிறது அல்லவா? கம்பெனி தட்டை வெளியிட்ட சூட்டோடு திரும்ப எடுத்துக்கொண்டது. அடுத்த ஆண்டு வந்த ஆல்பத்திலும் அது இல்லை. 1965 நியூபோர்ட் ஃபோக் விழா மேடையில் மின்கிடாரோடு நின்றபோது கூச்சல் போட்டவர்களில் பெரும்பாலானோருக்கு, இதை அவர் இரண்டரை வருடம் முன்பே செய்து பார்த்துவிட்டார் என்று தெரிந்திருக்க வழியில்லை.

வேஷம் போட்டே உண்மையாக இருந்தவரும் உண்டு. ஃபில் ஓக்ஸ், போர் எதிர்ப்புப் பாட்டுக்காரர். 1970 மார்ச் 27, நியூயார்க் கார்னகி ஹால். எல்விஸுக்குத் தங்க உடை செய்து கொடுத்த நூடி கோனிடமே தனக்கும் ஒன்று தைத்துப் போட்டுக்கொண்டு வந்து எல்விஸ் பாட்டும் ஹாலி பாட்டும் பாடினார். அவருடைய ரசிகர்களே கூச்சலிட்டார்கள். அமெரிக்காவில் புரட்சி வர வேண்டுமானால் எல்விஸ் சே குவேராவாக மாற வேண்டும் என்பது அவர் கணக்கு. கிறுக்குத்தனம்தான். ஆனால் அந்தப் பதிவில் நடிப்பு துளியும் இல்லை. அது ஆல்பமாக வந்தது சில ஆண்டுகள் கழித்து, அதுவும் கனடாவில் மட்டும். அவர் 1976-இல் தற்கொலை செய்துகொண்டார். என் கணக்கில் 'எவ்ரிபடீஸ் ராக்கின்'னைவிட மிக உயரத்தில் இருப்பது இந்தக் கச்சேரிதான்.

இசைத்தட்டை வாங்க வேண்டாம். இரண்டு பாட்டுக்காக அந்தக் காசு அதிகம். அதற்குப் பதில் 1993-இல் வந்த 'லக்கி தர்ட்டீன்' தொகுப்பைத் தேடுங்கள். சேராமல் போன அந்த இரண்டு பாட்டுகளையும் ஷாக்கிங் பிங்க்ஸ் மேடையில் வாசித்த பதிவு அதில் இருக்கிறது. எதிர்த்தாற்போல் ஆட்கள் நின்றதாலோ என்னவோ, ஸ்டுடியோவில் தூங்கிய குழு அங்கே முழித்துக்கொண்டிருக்கிறது. ஹெட்ஃபோனில் கேட்காதீர்கள், சத்தமாக வைத்துக் கேளுங்கள்.

அன்புடன்.