பூண்டும் மரத்துப்போன பாதமும் – கடிதம்

அன்புள்ள அக்கா,

உங்களை நெடுநாளாகப் படிக்கிறேன், எழுதுவது இதுதான் முதல் தடவை. எனக்கு 52 வயது. நான்கு வருடங்களுக்கு முன் இறைச்சியை விட்டேன். அதே வருடம் முட்டையையும் நிறுத்தினேன். பால் சளி பிடிக்கும் என்று பிறகு அதையும் விட்டாயிற்று. எடை குறைந்திருக்கிறது, சர்க்கரையும் கட்டுக்குள் இருக்கிறது. மெட்ஃபார்மின் மட்டும் ஏழெட்டு வருடமாகப் போடுகிறேன். மற்றபடி எனக்கு எல்லாமே சமையலறைதான். காலையில் வெறும் வயிற்றில் நாலு பல் பச்சைப் பூண்டு, இஞ்சிச் சாறு. இரவில் மஞ்சளும் மிளகும் போட்ட வெந்நீர். கொஞ்சம் நெஞ்செரிச்சல் வரும், அதற்கு தினமும் ஒரு மாத்திரை. சில மாதங்களாகப் பாதத்தில் எறும்பு ஊர்கிற மாதிரி இருக்கிறது, சில நேரம் மரத்துப்போகிறது. ரத்த ஓட்டத்துக்காகப் பூண்டைக் கூட்டியிருக்கிறேன், அரைத்துப் பாதத்தில் கட்டியும் பார்த்தேன். என் கேள்வி அதுவல்ல. கணவரும் மகனும் இறைச்சி இல்லாவிட்டால் சாப்பிட உட்காருவதே இல்லை. உணவே மருந்து என்பதை அவர்களுக்கு எப்படிப் புரியவைப்பது? எந்த நோய்க்கு எந்தச் சமையலறைப் பொருள் என்று நீங்கள் ஒரு பட்டியல் எழுதினால் அச்செடுத்து வீட்டில் ஒட்டிவைப்பேன்.

அன்புடன்,
ச.

அன்புத் தங்கைக்கு,

'என் கேள்வி அதுவல்ல' என்று எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விட்டீர்கள். எனக்கு உங்கள் கடிதத்தில் கேள்வி என்றால் அது ஒன்றுதான். கணவர், மகன், பட்டியல் எல்லாம் இருக்கட்டும். முதலில் அந்தப் பூண்டுக் கட்டை அவிழ்த்து எறியுங்கள். இன்றைக்கே. பச்சைப் பூண்டை அரைத்துத் தோலில் வைத்துக் கட்டினால் புண்ணாகும், கொப்புளம் போட்டுத் தோல் உரியும் அளவுக்குக்கூடப் போகும். உணர்ச்சி சரியாக இருக்கிற காலென்றால் எரிகிறது என்று எடுத்துவிடுவோம். மரத்துப்போன காலுக்கு அது தெரியாது. அதுவும் சர்க்கரை உள்ளவரின் கால். ஒரு சின்னப் புண் எங்கே கொண்டுபோய் விடும் என்று உங்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை. இரவு விளக்கைப் போட்டு இரண்டு பாதத்தையும், விரல் இடுக்கு உட்பட, உற்றுப் பாருங்கள். எங்காவது சிவந்தோ தோல் வழண்டோ இருந்தால் மறுநாள் காலையில் மருத்துவரிடம் இருக்கவேண்டும். சூடு தாங்குகிறதா என்று பார்க்காமல் வெந்நீரில் கால் வைக்கும் பழக்கம் இருந்தால் அதையும் விடுங்கள்.

கோபமாக எழுதுகிறேன் என்று தெரிகிறது. காரணம் இருக்கிறது. உங்கள் கடிதம் வருவதற்கு முன்பே சில நாட்களாக என் சித்தியைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

சித்தி இறைச்சியை விட்டது நோய்க்காக அல்ல. ஒரு உயிரைக் கொன்று தின்ன எனக்கு மனமில்லை என்று ஒருநாள் சொன்னாள், அவ்வளவுதான். யாரிடமும் வாதாடவில்லை, யாரையும் மாற்றப் பார்க்கவில்லை. பாலையும் அதே காரணத்துக்காக விட்டாள். பல வருடம் நன்றாகத்தான் இருந்தாள். அப்புறம் பாதத்தில் எறும்பு ஊர்ந்தது. இஞ்சி காய்ச்சிய எண்ணெய் தேய்த்தாள், பூண்டு தின்றாள், கஷாயம் குடித்தாள். நாக்கு வழவழவென்று சிவந்து, காரம் பட்டால் எரிந்தது. சூடு என்றாள், தேனைத் தடவினாள். நடக்கும்போது தரையையே பார்த்து நடந்தாள். இருட்டில் எழுந்திருக்கப் பயந்தாள். முகம் கழுவும்போது ஒரு கையால் சுவரைப் பிடித்துக்கொள்வாள். சோப்புக்காகக் கண்ணை மூடியதும் உடம்பு ஒரு பக்கமாகச் சாயும். நாங்கள் எல்லோரும் பார்த்த காட்சிதான் இது, வயசாகிறது என்றுதான் எல்லோரும் சொன்னோம். சளிக்குப் பார்க்கப்போன இடத்தில் ஒரு மருத்துவர், அவள் நடந்து வந்த விதத்தைப் பார்த்துவிட்டு, இரண்டு காலையும் சேர்த்து நின்று கண்ணை மூடச் சொன்னார். மூடினாள். அவர் தாங்கிப் பிடித்திருக்காவிட்டால் விழுந்திருப்பாள். பாதம் எங்கே இருக்கிறது என்ற செய்தி மூளைக்குப் போய்ச் சேரவில்லை. அதுவரை கண்தான் காலுக்குப் பதிலாக வேலை செய்துகொண்டிருந்தது.

வைட்டமின் பி12. அது ஒன்றுதான் குறை. ஊசி போட்டார்கள். நாக்கு சில வாரங்களில் பழைய நிறத்துக்கு வந்தது, முகத்தில் ரத்தக்களை வந்தது. கால் பாதிதான் வந்தது. நரம்பு நீண்ட நாள் கெட்டுக் கிடந்தால் அவ்வளவுதான் திரும்பும். கடைசிவரை சித்தி கையில் கோலோடுதான் நடந்தாள். அவள் இறைச்சியை விட்டதில் ஒரு தவறும் இல்லை. அந்தத் தீர்மானத்தின் மேல் எனக்கு இன்றும் மரியாதைதான். அவளிடம் ஒரு சின்ன மாத்திரையைப் பற்றிச் சொல்ல ஆளில்லாமல் போயிற்று, என் ஆத்திரம் அதில்தான்.

இப்போது உங்கள் கதையைப் பாருங்கள். பி12 செடியில் இல்லை. கீரையிலும் பருப்பிலும் இல்லை, பூண்டில் இல்லவே இல்லை. அதை உண்டாக்குவது நுண்ணுயிர்கள். விலங்குகளின் உடம்பில் அது சேர்கிறது, அங்கிருந்து இறைச்சி, முட்டை, பால் வழியாக நமக்கு வருகிறது. நீங்கள் மூன்று வாசலையும் அடைத்துவிட்டீர்கள். கல்லீரலில் சில மில்லிகிராம் சேமிப்பு இருக்கும், ஒரு நாளைக்கு நமக்குத் தேவைப்படுவதோ 2.4 மைக்ரோகிராம். அதனால் விட்ட முதல் வருடம், இரண்டாம் வருடமெல்லாம் எதுவும் தெரியாது. உடம்பு இலகுவாக இருக்கிறது, எடை குறைகிறது, சந்தோஷமாக இருக்கிறோம். சேமிப்பு கரைவது வெளியே தெரிவதில்லை. இதற்கு மேல் நீங்கள் மெட்ஃபார்மின் போடுகிறீர்கள். நீண்ட நாள் போட்டால் அது பி12 உள்ளே போவதைக் குறைக்கும். அதற்கும் மேல் நெஞ்செரிச்சல் மாத்திரை. உணவில் இருக்கிற பி12 பிரிந்து வர வயிற்றில் அமிலம் வேண்டும், அந்த மாத்திரை அமிலத்தைக் குறைக்கிறது. நெஞ்செரிச்சல் ஏன் வருகிறது? வெறும் வயிற்றில் நாலு பல் பச்சைப் பூண்டு தின்றால் பலருக்கு வரத்தான் செய்யும். ஆக, மருந்து வேண்டாம் என்று தின்கிற பூண்டு ஒரு மருந்தை உங்கள் வீட்டுக்குள் கொண்டுவந்து வைத்திருக்கக்கூடும். அந்த மருந்து, ஏற்கனவே பி12 குறைந்திருந்தால் அந்தக் குறையை இன்னும் கூட்டக்கூடும். உங்கள் கடிதத்திலேயே இத்தனையும் வரிசையாக இருக்கிறது, நீங்கள்தான் அடுத்தடுத்த வரியில் எழுதியிருக்கிறீர்கள்.

பி12 குறைந்தால் நரம்பைச் சுற்றியிருக்கும் உறை, மின்கம்பியின் மேலுறை போல, பழுதாகிறது. நீண்ட நரம்புகள் முதலில் அடிவாங்குவதால் பாதத்தில் தொடங்குகிறது. ரத்தசோகை இல்லையே, ஹீமோகுளோபின் சரியாகத்தானே இருக்கிறது என்று சொல்லவராதீர்கள். கீரையும் பருப்பும் நிறையச் சாப்பிடுகிறவர்களுக்கு ஃபோலேட் என்ற இன்னொரு பி வைட்டமின் தாராளமாகக் கிடைக்கும். ஃபோலேட் மிகுதியாக இருந்தால் ரத்தம் பார்க்க நன்றாக இருக்கும்போதே நரம்பு கெட்டுக்கொண்டே போகலாம். அதனால் பி12 என்று தனியாகக் கேட்டு ரத்தம் எடுங்கள். ஒரு மில்லிலிட்டருக்கு 200 பிகோகிராமுக்குக் கீழே என்றால் குறை என்றுதான் பொதுவாக எடுத்துக்கொள்வார்கள். 200க்கும் 300க்கும் இடையில் தொங்கினால் மெத்தில்மலோனிக் அமிலம் என்று இன்னொரு சோதனை இருக்கிறது, அதைக் கேளுங்கள். சோதனைக்கு முன்னால் அவசரப்பட்டு பி12 மாத்திரை வாங்கிப் போட்டுவிடாதீர்கள், அளவு மேலே ஏறி உண்மையை மறைத்துவிடும். ஸ்பைருலினா என்கிற சுருள்பாசித் தூளில் பி12 இருக்கிறது என்று யாராவது சொல்வார்கள். அதில் பெரும்பகுதி நம் உடம்புக்கு உதவாத போலி வடிவம்.

இது பி12 தான் என்று நான் தீர்ப்பு எழுதவில்லை. சர்க்கரையே நேராக நரம்பைக் கெடுக்கும், அதற்கும் இதே எறும்புதான், இதே மரத்துப்போதல்தான். இரண்டும் சேர்ந்தே இருக்கலாம். எது என்று பார்த்துச் சொல்ல மருத்துவர் வேண்டும். மெட்ஃபார்மினை நீங்களாக நிறுத்தக்கூடாது, அதையும் சொல்லிவிடுகிறேன். நான் இப்படி எழுதியதைப் படித்துவிட்டு நாளைக்கே நிறுத்திவிடுவீர்களோ என்று பயமாக இருக்கிறது.

உணவே மருந்து என்கிறீர்கள். நானும் அந்தக் கட்சிதான். ஆனால் எப்போது மருந்து? 1747இல் ஜேம்ஸ் லிண்ட் என்ற கப்பல் மருத்துவர், ஸ்கர்வி என்ற நோய் வந்து ஈறு அழுகிக் கிடந்த 12 மாலுமிகளை இருவர் இருவராகப் பிரித்தார். ஒரு ஜோடிக்கு வினிகர், ஒரு ஜோடிக்குக் கடல்நீர், இன்னொரு ஜோடிக்கு ஆப்பிள் மது, இப்படி. ஒரு ஜோடிக்குப் பூண்டும் கடுகும் சேர்த்து அரைத்த உருண்டை, அதை நீங்கள் கவனிக்கவேண்டும். கடைசியாக ஒரு ஜோடிக்குத் தினமும் இரண்டு ஆரஞ்சும் ஒரு எலுமிச்சையும். பழம் ஆறு நாளில் தீர்ந்துபோயிற்று. அதற்குள் அந்த இருவரில் ஒருவர் ஏறக்குறைய வேலைக்குத் திரும்பத் தயார், மற்றவர் மற்ற நோயாளிகளைக் கவனித்துக்கொள்ள ஆரம்பித்துவிட்டார். பூண்டு உருண்டைக்காரர்கள் அப்படியே கிடந்தார்கள். அந்த உடம்புகளில் இல்லாமல் போன வைட்டமின் சி எலுமிச்சையில் இருந்தது, பூண்டு உருண்டையில் போதவில்லை. இதில் பூண்டின் மேல் குற்றமில்லை.

இன்னொன்றும் கேளுங்கள், இறைச்சியை விட்ட உங்களுக்குக் கொஞ்சம் கசக்கும். ஆளைக் கொன்றே தீரும் என்றிருந்த ஒரு ரத்தசோகை இருந்தது. 1926இல் ஜார்ஜ் மைனாட், வில்லியம் மர்ஃபி என்ற இரண்டு மருத்துவர்கள் 45 நோயாளிகளுக்குத் தினமும் ஈரலைத் தின்னக் கொடுத்துப் பிழைக்கவைத்தார்கள். நோபல் பரிசு 1934இல் கிடைத்தது. உணவே மருந்து என்பதற்கு இதைவிடப் பெரிய சாட்சி வேண்டுமா? அவர்கள் அதோடு நின்றிருந்தால் இன்றைக்கும் உங்களைப் போன்றவர்களை ஈரல் தின்னச் சொல்லிக்கொண்டிருப்பார்கள். ஈரலில் இருப்பது என்ன என்று தேடிக்கொண்டே போய், 1948இல் சிவப்புப் படிகமாக பி12ஐப் பிரித்தெடுத்தார்கள். டோரதி ஹாட்ஜ்கின் என்ற வேதியியலாளர் அதன் அமைப்பைக் கண்டுபிடித்தார். இப்போது அதைத் தொட்டியில் நுண்ணுயிர்களை வளர்த்து எடுக்கிறார்கள், ஒரு உயிரையும் வெட்டுவதில்லை. சித்தியைப் போல மனசாட்சிக்காக விட்டவர்களுக்கு இந்த மாத்திரையைவிடப் பொருத்தமான பொருள் கிடையாது. உறை மட்டும் விலங்கின் தோல், எலும்பிலிருந்து எடுக்கிற ஜெலட்டினா என்று பார்த்து, அதைத் தவிர்த்து வாங்கினால் போதும். 'மாத்திரை செயற்கை, பூண்டு இயற்கை' என்று உங்கள் மனதில் ஒரு கோடு இருக்கிறதே, அதை அழியுங்கள். பசுவின் வயிற்றில் செய்கிற வேலையைத்தான் அந்த நுண்ணுயிர் தொட்டியிலும் செய்கிறது.

பட்டியல் எழுதமாட்டேன். ஒட்டிவைத்தால் அதைப் பார்த்தே எல்லாம் நடக்கும், பாதத்தை யாரும் பார்க்கமாட்டார்கள். தேன் இருமலைத் தணிக்கும், ஒரு வயது நிரம்பாத குழந்தைக்கு மட்டும் வாயில் வைக்கவே கூடாது. இஞ்சி குமட்டலுக்கு நல்லது. தொண்டைவலிக்கு உப்புநீர் கொப்பளியுங்கள். மஞ்சளைச் சமையலில் போடுங்கள், குப்பிகளில் அடைத்து விற்கிற செறிவான மஞ்சள் மாத்திரை பக்கம் போகாதீர்கள், அதனால் ஈரல் கெட்டவர்கள் இருக்கிறார்கள். பூண்டையும் சமைத்துச் சாப்பிடுங்கள், வாசனைக்கும் ருசிக்கும் அதுவே போதும்.

கணவரும் மகனும் இறைச்சியை விடவேண்டும் என்று என்ன கட்டாயம்? குறைத்தால் போதும். பதப்படுத்திய இறைச்சிதான் முதலில் போகவேண்டியது. சாசேஜ், பேக்கன், ஹாம் வகைகளை 2015இல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை, மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குபவை என்ற முதல் பிரிவிலேயே சேர்த்துவிட்டது. தினம் 50 கிராம் தின்றால் பெருங்குடல் புற்றுநோய் வரும் வாய்ப்பு சுமார் 18 சதவீதம் கூடுகிறது என்பது அவர்கள் கணக்கு. ஆட்டிறைச்சி, மாட்டிறைச்சி போன்றவை சமைத்த எடையில் வாரத்துக்கு 350இலிருந்து 500 கிராமுக்குள் இருக்கட்டும். பருப்போடு எலுமிச்சை பிழிந்து வையுங்கள், இரும்புச்சத்து நன்றாகச் சேரும். சாப்பிட்ட கையோடு டீ குடித்தால் அது கெட்டுப்போகும், ஒரு மணி நேரம் கழித்துக் குடிக்கட்டும். இதைச் செய்துவைத்தால் போதும், சாப்பாட்டு மேசையில் பிரசங்கம் வேண்டாம். பிரசங்கம் செய்த வீடுகளில் மகன்கள் வெளியே போய்த் தின்றுவிட்டுத்தான் வருவார்கள்.

இந்த வாரத்துக்குள் ரத்தம் கொடுங்கள். மருத்துவரிடம் போகும்போது என்னென்ன சாப்பிடுகிறீர்கள், எதையெல்லாம் விட்டீர்கள், எத்தனை வருடமாக மெட்ஃபார்மின், நெஞ்செரிச்சல் மாத்திரை எவ்வளவு நாளாக என்று ஒரு தாளில் எழுதி எடுத்துப்போங்கள். பூண்டையும் எழுதுங்கள். முடிவு வந்ததும் அந்த எண்ணை எனக்கு அனுப்புங்கள். மகனைப் பற்றி அப்புறம் பேசிக்கொள்ளலாம்.

அன்புடன்,
அக்கா