இரண்டே சிஸ்டம், எதை எடுப்பது?

கேள்வி: பல வருடமாக ஆண்ட்ராய்ட் போன்தான். இப்போது மாற்ற வேண்டும். நண்பர்கள் ஐபோன் வாங்கு என்கிறார்கள். எனக்கோ ஹுவாவே போன் ஒன்றின் மேல் கண். கேமரா அருமை, ஆனால் கூகுள் சேவைகள் கிடையாதாம். முன்பு நோக்கியா, பிளாக்பெர்ரி, விண்டோஸ் என்று எத்தனையோ இருந்ததே, இப்போது ஏன் இரண்டே சிஸ்டம்? நான் எதை வாங்குவது?

பதில்: உங்கள் ஹுவாவே கேள்விக்கான விடை அந்தப் பழைய கதையில்தான் இருக்கிறது. விண்டோஸ் போன் மட்டமான சரக்கு இல்லை. சுமாரான சிப் போட்ட போனில்கூட வழுக்கிக்கொண்டு ஓடும். 2011 பிப்ரவரியில் நோக்கியா தன் போன் சிஸ்டமான சிம்பியனைக் கைவிட்டு விண்டோஸ் பக்கம் போனது. 2014-இல் அந்த போன் பிரிவையே மைக்ரோசாஃப்ட் வாங்கிக்கொண்டது. இருந்தும் தேறவில்லை. ஆட்கள் குறைவு என்று ஆப் எழுதுகிறவர்கள் வரவில்லை. ஆப் இல்லை என்று ஆட்கள் வரவில்லை. 2019 முடிந்தபோது வாட்ஸ்அப்பும் அதை விட்டுப் போய்விட்டது. பிளாக்பெர்ரிக்கு முடிவு இன்னும் மோசம். 2022 ஜனவரி 4 அன்று சேவைகளை நிறுத்தியபோது, பழைய பிளாக்பெர்ரி சிஸ்டத்தில் ஓடும் போன்களில் கால், எஸ்எம்எஸ்கூட ஒழுங்காக வேலை செய்யும் என்று சொல்ல முடியாது என அந்த நிறுவனமே அறிவித்தது.

ஹுவாவேயின் சிக்கலும் ஆப்தான். 2019-இல் அமெரிக்கா விதித்த தடைக்குப் பிறகு வந்த அதன் புது மாடல்களில் பிளே ஸ்டோர் கிடையாது. சீனாவில் விற்கும், ஹுவாவேயின் சொந்த சிஸ்டமான ஹார்மனி ஓஎஸ் நெக்ஸ்ட் போட்ட போன்களில் ஆண்ட்ராய்ட் ஆப்களை நேரடியாகப் போடவே முடியாது. நீங்கள் தினமும் திறக்கும் ஆப்களை, முக்கியமாக வங்கி ஆப்பை, ஒரு தாளில் எழுதுங்கள். அந்த போனின் ஸ்டோரில் அத்தனையும் இருக்கிறதா என்று பாருங்கள். வங்கி ஆப் இல்லையென்றால் கேமராவை மறந்துவிடுங்கள்.

சரி, மிச்சம் ஆண்ட்ராய்டும் ஐபோனும். வசதிகளில் ஒன்றைப் பார்த்து ஒன்று காப்பியடித்து இப்போது பெரிய வித்தியாசம் இல்லை. வாங்குபவருக்கு உருப்படியான போட்டி, எத்தனை வருடம் அப்டேட் தருகிறார்கள் என்பதில்தான். 2013-இல் வந்த ஐபோன் 5எஸ்-க்கு 2023 ஜனவரியில்கூட பாதுகாப்பு அப்டேட் வந்தது. இந்த விஷயத்தில் ஆண்ட்ராய்ட் பக்கம் ரொம்ப நாள் தூங்கினார்கள். கூகுளின் பிக்சல் 8, சாம்சங்கின் கேலக்ஸி எஸ்24 வந்த பிறகுதான் 7 வருடம் என்ற பேச்சே எழுந்தது. விலை குறைந்த மாடல்கள் பலவற்றுக்கு இன்னமும் அவ்வளவு கிடையாது.

தள்ளுபடியைப் பார்த்ததும் ஏமாறுவது இங்கேதான். இந்த வருடக் கணக்கு பெரும்பாலும் மாடல் சந்தைக்கு வந்த நாளிலிருந்து ஓடுகிறது, நீங்கள் பில் போட்ட நாளிலிருந்து இல்லை. இரண்டு வருடப் பழைய மாடலை மலிவாகக் கொடுத்தால், அப்டேட்டிலும் இரண்டு வருடம் கழிந்துவிட்டது என்று அர்த்தம். பழைய போன் வாங்குவதானால் செட்டிங்ஸில் பாதுகாப்பு அப்டேட்டின் தேதியைப் பாருங்கள். அது போன வருடத்திலேயே நின்றிருந்தால் வேண்டாம்.

என்னைக் கேட்டால், அப்டேட் நீளமாக உள்ள ஆண்ட்ராய்டிலேயே இருங்கள். வீட்டில் எல்லோரும் ஐபோன் என்றால் மட்டும் மாறலாம். அப்படி மாறினால், காசு கொடுத்து வாங்கிய ஆப்கள் கூடவே வராது. சாம்சங்கின் புதிய கேலக்ஸி வாட்சுகள் ஐபோனோடு சேராது. வாட்ஸ்அப் உரையாடல்களை மாற்ற வேண்டுமா? புது ஐபோனை முதல்முறை செட்டப் செய்யும்போதே பழைய ஆண்ட்ராய்ட் போனில் போடும் 'மூவ் டு ஐஓஎஸ்' ஆப் வழியாக முடித்துவிடுங்கள். விட்டால், எல்லாவற்றையும் அழித்து முதலிலிருந்து வர வேண்டியிருக்கும்.

கேள்வி: அப்டேட் நின்ற பழைய போனில் வேறு சிஸ்டம் போடலாமா?

பதில்: ஆண்ட்ராய்டை வைத்து உருவாக்கிய இலவச சிஸ்டமான லினேஜ் ஓஎஸ் உங்கள் மாடலுக்கு இருந்தால் போடலாம். அதற்கு முதலில் பூட்லோடரை, அதாவது போன் ஆன் ஆகும்போது சிஸ்டத்தைத் தொடங்கிவைக்கும் பகுதியின் பூட்டை, திறக்க வேண்டும். அப்படித் திறக்கும்போது உள்ளே இருப்பதெல்லாம் அழிந்துவிடும், சில வங்கி ஆப்கள் ஓட மறுக்கும். பாட்டு கேட்க, படிக்க என்று இரண்டாவது போனாக வைத்துக்கொள்வதானால் தாராளமாகச் செய்யுங்கள்.